மாமியின் மிலாறு வெளுத்த சேதி

அன்பும் சண்டையும் இன்னும் மிச்சமிருக்கிற என் மாமிக்கு,

உங்கள் வருஷ நினைவுக்கு ஒரு சின்ன மலர் அச்சடிக்கலாம் என்று உங்கள் மகன் சொன்னார். படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். ஹட்டன் அச்சகத்தில் ஏற்கெனவே ஒன்று தயாராக இருக்கிறது. குடும்ப விளக்கே, குளிர்ந்த நிலவே என்று தொடங்கும். ஆளுக்கு ஆள் படத்தை மட்டும் மாற்றிப் போட்டுக் கொடுக்கிறார்கள். உங்களைக் குளிர்ந்த நிலவு என்று போட்டால் நம் லயத்து வரிசை வீடுகளில் சிரிப்பார்கள் மாமி. அதனால் நானே எழுதுகிறேன். நாலு வரியில் அடங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வீட்டுச் சேதியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மகன் சுகம். ஆட்டோவை ஹட்டன் பஸ் ஸ்டேண்டில்தான் போடுகிறார். பழையபடி எல்லாரையும் திட்டிக்கொண்டே ஓட்டுகிறார். வீட்டின் பின்பக்கக் கூரைத் தகரம் இன்னும் ஒழுகுகிறது. காஸ் அடுப்பு ஒன்று வாங்கிவிட்டோம், தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும். சோறும் குளிக்கிற தண்ணியும் விறகில்தான். காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருஷத்துக்குப் பிறகு, லயத்தில் யாரும் அடுப்பை இடிக்க நினைப்பதில்லை. உங்களுக்குத் தெரியாததா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மிலாறு வெளுத்துவிட்டது மாமி. பால் மாதிரி வெளுத்துவிட்டது. அது வெளுக்கவில்லை என்று நான் சொன்னதோடு நீங்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டீர்கள். பிறகு நீங்களும் போய்விட்டீர்கள். இந்தச் சேதியை உங்களிடம் சேர்க்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வெளியிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பேர். வெட்டி விழுகிற கிளைகள்தான் மிலாறு. இலையும் நுனிக் குச்சியும் மண்ணுக்கு, விரல் பருமன் உள்ள மிலாறு லயத்து அடுப்புக்கு. தோட்டம் தோன்றிய காலத்திலிருந்து ஏற்பாடு இதுதான். எந்த மலையில் கவ்வாத்து நடக்கிறதோ அந்த மலையிலிருந்து பெண்கள் வேலை விட்டு வரும்போது கட்டுக் கட்டாகச் சுமந்து வருவார்கள். முதுகில் கொழுந்துக் கூடை, தலையில் மிலாற்றுக் கட்டு, வாயில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கைப் பற்றிய வசவு. நான் கல்யாணம் முடித்து வந்த முதல் வாரம் உங்களை அப்படித்தான் பார்த்தேன்.

நான் கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர். திங்கட்கிழமை ரயிலேறிப் போய் வெள்ளிக்கிழமை திரும்புகிறேன். என்ன வேலை என்று லயத்தில் கேட்டவர்களிடம் நீங்கள் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "எம் மருமக கண்டியில குச்சி அவிக்கிறா." பட்டம் படித்தவளை இப்படிச் சொல்லலாமா என்று ஒரு வாரம் உங்களோடு பேசாமல் இருந்தேன். நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

ஆனால் நாங்கள் செய்வது அதுதான். குச்சியை அவிக்கிறோம். எந்தச் செடியிலும் செலுலோஸ் என்றொரு நார் இருக்கிறது. செடியை நிமிர்த்தி நிற்க வைப்பது அதுதான். கண்ணுக்குத் தெரிகிற நார் ஒன்றைப் பிரித்தால் அதற்குள் ஆயிரக்கணக்கில் இன்னும் மெல்லிய இழைகள். அந்தக் கடைசி இழைக்குத்தான் நானோ நார் என்று பேர். குச்சியைப் பட்டை உரித்துச் சீவி, காஸ்டிக் சோடாவில் வேக வைத்து, நாரைப் பிடித்துக்கொண்டிருக்கிற பசையை எடுக்க வேண்டும். பிறகு வெளுக்கிற மருந்து. பிறகு கழுவு கழுவென்று கழுவ வேண்டும். கடைசியில் ஒன்றின் மேல் ஒன்று சுற்றுகிற இரண்டு கல் தட்டுகளுக்கு நடுவே விட்டு அரைக்க வேண்டும். நம் ஆட்டுக்கல்லுக்குக் கரண்டு கொடுத்த மாதிரி.

சரியாக வந்தால் கூழ் மாதிரி ஒன்று கிடைக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். இருந்தும் கிண்ணத்தைக் கவிழ்த்தால் கீழே விழாது. அந்தக் கொஞ்சூண்டு நார் அவ்வளவு தண்ணீரையும் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். உலர்த்தினால் கண்ணாடி மாதிரி ஒரு தாள். காகிதத்தில் கலந்தால் காகிதம் கிழியாது, பொலித்தீனுக்குப் பதிலாகப் பொதி சுற்றலாம், புண்ணுக்குக் கட்டுத் துணியாக்கலாம் என்று உலகம் முழுக்க இதன் பின்னால் அலைகிறார்கள். மரம், வைக்கோல், வாழைத்தண்டு என்று எல்லாவற்றையும் அவித்துப் பார்த்துவிட்டார்கள். எங்கள் மேடம், அதாவது ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியை, தேயிலையில் செய்து பார்க்கலாம் என்றார். குச்சி எங்கே கிடைக்கும் என்று கேட்டபோது நான் கை தூக்கிவிட்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு சாக்கு மிலாறு வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். வெளியே அடுக்கியிருந்ததில் கொஞ்சம் எடுக்கப் போனேன். நீங்கள் விடவில்லை. அது ஈரம், அதைப் போய் கண்டிக்குக் கொண்டு போவார்களா என்றீர்கள். அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் ஏறினீர்கள். அங்கே இருப்பது மழை மாதத்துக்கென்று ஒதுக்கி வைத்தது, நானோ உங்கள் மகனோ தொட்டால் கத்துவீர்கள். வருஷக் கணக்கில் புகையில் காய்ந்து, தட்டினால் கணீரென்று கேட்கும். அதில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வளைந்ததைத் தள்ளி, நேரானதாக ஒரு கட்டுக் கட்டித் தந்தீர்கள்.

"நல்லதாப் பாத்துக் குடுத்திருக்கேன் புள்ள. நம்ம தோட்டத்துப் பேரு கெட்டுறக் கூடாது" என்றீர்கள்.

ரயிலில் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரே இருந்த அம்மா கண்டியில் விறகு அவ்வளவு விலையா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன்.

அது வெளுக்கவில்லை. முதல் தடவை கருங்காப்பி மாதிரி வந்தது. சோடாவைக் கூட்டினோம். வெளுக்கிற மருந்தை இன்னொரு முறை, இன்னொரு முறை ஊற்றினோம். பழுப்புக்கு மேல் ஏறவில்லை. அரைக்கப் போட்டால் இழையாகப் பிரியாமல் துண்டு துண்டாக உடைந்தது. கல் தட்டு வேறு அடைத்துக்கொண்டது. தேயிலை மரமே இப்படித்தான் போலிருக்கிறது, அதில் இருக்கிற சாயமே காரணமாக இருக்கலாம் என்று மேடம் எழுதி வைத்தார். தேயிலைக்குச் சாயம் இறங்குவதுதானே பெருமை என்று நான் சொன்ன பகிடிக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். மிலாறு சரியில்லையாம் மாமி என்று, செருப்பைக் கழற்றிக்கொண்டே. வேறெதையும் யோசித்துச் சொல்லவில்லை. நீங்கள் சோற்றுப் பானையை இறக்கிவிட்டுச் சொன்னீர்கள், இது சோறாக்கத்தான் லாயக்கு, பெரிய இடத்துக்கெல்லாம் சரிப்பட்டு வராது என்று. அதற்குப் பிறகு அந்த வேலை என்ன ஆனது என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. மிலாற்றைச் சொன்னீர்களா, வேறெதையாவது சொன்னீர்களா? அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால் மட்டும் சொல்லியிருப்பீர்களா என்ன.

அந்த மழையில்தான் உங்கள் இருமல் கூடியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நீங்கள் புகை பிடிப்பீர்களா என்று கேட்டார். உங்கள் மகனுக்கு முகம் சிவந்துவிட்டது, எங்கம்மாவைப் பார்த்து என்ன கேள்வி என்று எழுந்துவிட்டார். டாக்டர் அடுப்புப் புகையைத்தான் கேட்கிறார் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. சிறு வயதிலிருந்து இந்த அடுப்புதானா, புகைபோக்கி உண்டா என்று டாக்டர் கேட்டார். புகைபோக்கியா என்று நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நெஞ்சு முழுக்கப் புகைதான் என்று படத்தைக் காட்டிச் சொன்னார். மழை விடுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு வீட்டைக் கழுவினோம். பரணை யாராவது ஒதுக்க வேண்டுமே. நான் ஏறினேன். மிலாற்றை இறக்கி இறக்கிக் கீழே கொடுத்தேன். இறங்கிப் பார்த்தால் இரண்டு கையும் கருப்பு. கரி என்றால் தண்ணீர் பட்டதும் போய்விடும், இது போகவில்லை. பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சவர்க்காரம் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். நகத்தடியில் இரண்டு நாள் இருந்தது.

சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாமி எனக்கு உறைத்தது. நாங்கள் கண்டியில் வெளுக்கப் பார்த்தது தேயிலை மரத்தை இல்லை. இந்தப் பசையை. வருஷக் கணக்காகப் புகையில் தார் ஏறின குச்சியை, ஒட்ட ஒட்டக் காய்ந்து இறுகின குச்சியைக் கொண்டு போய் வெளுக்கவில்லையே, பிரியவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அப்படி இறுகின நார் மறுபடி தண்ணீரில் முழுசாக விரியாது. இது பாடத்தில் இருக்கிற விஷயம். மேடத்துக்குப் பரண் தெரியாது. எனக்குப் பரண் தெரியும், பாடமும் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. மழை நாட்டில் விறகை அடுப்புக்கு மேல் வைக்காமல் வேறெங்கே வைப்பார்கள்? அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் அப்போது கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. வெட்டின அன்றைக்கே கொஞ்சம் பச்சை மிலாறு கேட்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, முதல் ரயிலில் கொண்டு போனேன். ஒரே தடவையில் வெளுத்தது. அரைத்தால் கிண்ணத்தில் அசையாமல் நிற்கிறது. மேடம் கிண்ணத்தை என் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துச் சிரித்தார். எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. உடனே வீட்டுக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தேன். யாரிடம் சொல்வது? உங்கள் மகனிடம் சொன்னேன். அவர் ஸ்டேண்டில் சவாரி பேசிக்கொண்டிருந்தார், நல்லது நல்லது என்று வைத்துவிட்டார்.

ஆக, உங்கள் மிலாற்றில் குறை இல்லை. வீட்டில் இருந்ததிலேயே ஆக நல்லதை எடுத்துத் தந்தீர்கள். நல்லது என்றால் உங்களுக்கு நன்றாக எரிவது. எங்களுக்கு வேண்டியிருந்தது இன்னும் சொட்டுகிற ஈரம். அவ்வளவுதான் நடந்தது.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். முடியவில்லை, ஏனென்றால் இதற்குப் பிறகுதான் சிக்கல்.

பச்சை மிலாறு வேண்டும், வெட்டின அன்றைக்கே வேண்டும் என்று ஆகிவிட்டது இல்லையா? ஒரு கம்பெனி வந்து பார்த்தது. பொதி சுற்றுகிற தாளுக்கு இது பொருந்தும், தேயிலைச் செடியிலிருந்து வந்த தாள் என்றால் வெளிநாட்டில் பேர் எடுக்கும் என்றார்கள். முதலில் ஒரு தோட்டத்தில் செய்து பார்க்கலாம், கவ்வாத்து நடக்கும்போது ரோட்டோரம் லொறியை நிறுத்தி அப்படியே ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்க வேண்டுமா? நான் கொண்டு வந்த தோட்டம்தான். இந்த வருஷம் கவ்வாத்து நம் மேல் பிரிவில், நம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலையில்.

எங்கள் திட்ட விண்ணப்பத்தின் முதல் வரியில், தேயிலைத் தோட்டங்களில் வீணாகும் விவசாயக் கழிவு என்று இருக்கிறது. இந்தத் துறையில் எல்லாருடைய விண்ணப்பமும் அப்படித்தான் தொடங்கும். வைக்கோல் கழிவு, கரும்புச் சக்கை கழிவு, எல்லாம் கழிவு. எங்கோ ஒரு நாட்டில் வைக்கோல் கழிவு என்று வாசிக்கும்போது அங்கே எந்த மாடு பட்டினி கிடக்கும் என்று நான் யோசித்ததில்லை. இப்போது யோசித்தேன், ஏனென்றால் இது நம் அடுப்பு.

உங்கள் மகனிடம் பேசினேன். அவர் என் பக்கம் இல்லை. "அந்தப் பொகதானே அம்மாவக் கொண்டு போச்சு. போகட்டும் விடு, லொறியில ஏத்திட்டுப் போகட்டும்" என்றார். அவர் சொல்வதில் பொய் இல்லையே. ஆனால் விறகைப் பிடுங்கினால் புகை மட்டுமா போகும்? சோறும் சேர்ந்துதான் போகும். காஸ் வாங்கி மூன்று வேளையும் ஆக்க நம் லயத்தில் எத்தனை வீட்டால் முடியும்? காட்டுக்குப் போனால் வனத்துறை பிடிக்கும். மிச்சமிருப்பது யார் வீட்டு வேலி, எந்த மரம்? இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது, அதற்கு நீ என்ன செய்ய முடியும் என்று கேட்டார். அது நல்ல கேள்விதான்.

லயத்தில் நம் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியம் அக்காவிடமும் சொன்னேன். இப்போது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் பெண்களுக்காகப் பேசுவது அவர்தான், உங்களுக்குப் பிறகு. கம்பெனிக்காரர்கள் தோட்டத்தில் வைக்கிற கூட்டம் எப்போது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

தொழிற்சாலை மேல்மாடியில் கூட்டம். மேடம் என்னைப் பேசச் சொன்னார், ஊர்ப் பெண் பேசினால் நல்லது என்று. தோட்டத்து மேனேஜரான துரை, கம்பெனியிலிருந்து இரண்டு பேர், கண்டாக்கு, தொழிலாளர் சார்பில் பாக்கியம் அக்காவும் இன்னும் சில பெண்களும். துரை நல்ல உற்சாகத்தில் இருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தோட்டம் நஷ்டத்தில் ஓடுகிறது, எங்கிருந்தாவது ஒரு வழி வராதா என்று பார்க்கிறவர். படங்களைக் காட்டினேன், கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். பெண்கள் நன்றாக ரசித்தார்கள். பசையா புள்ள, தின்னலாமா என்று ஒருவர் கேட்டார். எல்லாம் முடிந்து கேள்வி உண்டா என்று துரை கேட்டதும் பாக்கியம் அக்கா எழுந்தார்.

"மிலாறு லொறியில போனா அடுப்புக்கு என்னத்த வைக்கிறதுங்க?"

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் துரை. ஏதாவது ஏற்பாடு செய்வோம் என்றார் கம்பெனிக்காரர். என்ன ஏற்பாடு என்று பாக்கியம் அக்கா கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேச வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. என் வேலை நீடிப்புக்கான கடிதம் மேடத்தின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது என்பதும் தெரியும்.

முதலில் தமிழில் சொன்னேன், பெண்களுக்கு விளங்கட்டும் என்று. பிறகு அதையே சிங்களத்தில் சொன்னேன். "இது கழிவு இல்லங்க சேர். இதுலதான் இந்தச் சனம் சோறாக்குது. அடுப்புக்கு வேற வழி செய்யாம மிலாற எடுக்க வேணாம். நாங்க எழுதினதுல அந்த வரி பிழை."

துரைக்கு முகம் மாறிவிட்டது. சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "மிஸ், ஒங்க வீட்டுல இப்ப யாருக்கும் தோட்டத்துல பேர் இல்லதானே? ஒங்களுக்கு இந்த வெறகே வராதே."

அவர் சொன்னது உண்மை மாமி. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குத்தான் விறகு. நம் வீட்டில் கடைசிப் பேர் உங்களுடையது. உங்கள் மகன் ஆட்டோ, நான் கண்டி. நீங்கள் போன அன்றே நம் வீட்டு விறகும் போய்விட்டது. நாங்கள் இந்த ஒரு வருஷமும் எரித்தது நீங்கள் சேர்த்து வைத்துவிட்டுப் போனதைத்தான்.

"வராதுங்க சேர். அதனால எனக்காகப் பேசுறேன்னு யாரும் சொல்ல ஏலாது" என்றேன்.

உட்கார்ந்ததும் தண்ணீர் குடித்தேன். கூட்டம் தேத்தண்ணியோடு கலைந்தது. முடிவு எதுவும் சொல்லவில்லை.

மேடம் நுவரெலியா வழியாகப் போக வேண்டும் என்றார், வீட்டுக்கு மரக்கறி வாங்க. ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டினாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். நானுஓயா தாண்டின பிறகு, ஏன் முன்னாலேயே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். லொறி என்ற பேச்சு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது என்றேன். அது உண்மைதான். அவர் நம்பினாரா தெரியாது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினோம். அங்கே வெட்டிப் போட்ட லீக்ஸ் தோகை, வெங்காயத்தாள் மாதிரி ஆனால் பெரிசாக, ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பச்சையாக, ஈரமாக, நாறிக்கொண்டு. மேடமும் நானும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். மரத்தில் இருக்கிற மாதிரி கெட்டிப் பசை மரக்கறியில் கிடையாது. சோடாவும் குறைவாகப் போதும், அரைக்கவும் சுலபம். மேடம் ஒரு பையை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. முதலில் அங்கே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் போய், இதை யாராவது கொண்டு போவார்களா என்று கேட்டேன். கோவா முட்டைக்கோஸ் இலையை மாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள், லீக்ஸை மாடு தின்றால் பால் நாறும் என்று தொடவே மாட்டார்கள் என்றார். வேறு யாருக்கும் வேண்டாமா என்று மறுபடி கேட்டேன். வேண்டுமானால் உன் தலையில் கட்டிவிடவா என்பது மாதிரிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பையில் அள்ளினேன். மேடம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் வேறு விஷயங்கள் பேசினார்.

லீக்ஸ் நன்றாக வருகிறது மாமி. வெள்ளை வெளேரென்று வருகிறது. ஆய்வுகூடம் முழுக்க வாடை. பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆனால் எல்லாம் சுபமாக முடிந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கு லீக்ஸ் என்ற பேர் பிடிக்கவில்லை. தேயிலை என்றால் விற்கும், லீக்ஸ் தாள் என்றால் யார் வாங்குவார்கள் என்கிறார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். என் வேலை நீடிப்புக் கடிதத்தில் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆனால் அது கம்பெனிப் பணம் வந்தால்தான். வராவிட்டால் நான் வீட்டில்தான் இருப்பேன், உங்கள் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டு. விண்ணப்பத்தின் முதல் வரியை மேடமே வெட்டிவிட்டார். யாரும் பயன்படுத்தவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே எடுத்த கழிவு என்று எழுதியிருக்கிறார்.

இந்த வருஷம் லொறி வரவில்லை. அடுத்த கவ்வாத்துக்கு வருமா என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் நம் மலையில் கவ்வாத்து நடந்தது. நான் லீவு போட்டு வந்திருந்தேன். விறகுக்காக இல்லை, வரவும் வராது. கம்பெனி மனம் மாறி லொறி வந்து நிற்கிறதா என்று பார்க்கத்தான். ஆண்கள் வெட்டி முடித்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, பெண்கள் மலை ஓரத்தில் கூடினார்கள். எந்த வீட்டுக்கு எந்தச் செடி வரிசை, எந்த நிரை என்று பிரிப்பது எப்போதும் பெண்கள்தானே. பாக்கியம் அக்கா மேலே நின்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக நிரையில் இறங்கினார்கள். கண்டாக்கு குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"பேச்சியம்மா வீடு" என்றார் பாக்கியம் அக்கா.

உங்கள் பேரைக் கேட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்டாக்கும் பார்த்தார். அந்த வீட்டில் யாருக்கும் பேர் இல்லையே என்று சொன்னார், தன்மையாகத்தான் சொன்னார். பாக்கியம் அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. நிரையில் இறங்கியிருந்த பெண்கள் ஒருவரும் குனியவில்லை, நின்றுகொண்டிருந்தார்கள்.

"பேச்சியம்மா வீடு" என்று மறுபடியும் கூப்பிட்டார்.

"வந்திருக்கேன்" என்றேன்.

உங்கள் நிரையில் இறங்கினேன் மாமி. எனக்குக் கட்டத் தெரியவில்லை. பாதி வழியில் கட்டு அவிழ்ந்து கொட்டிவிட்டது. பெண்கள் சிரித்தார்கள், பிறகு இரண்டு பேர் வந்து கட்டித் தந்தார்கள். தலையில் வைத்தபோது கழுத்து இறங்கிவிட்டது. இதையா இத்தனை வருஷம் கூடையோடு சேர்த்துத் தூக்கினீர்கள்? நான் லயம் வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன். பாக்கியம் அக்காவும் எனக்காக நின்று நின்று வந்தார்.

அவர் எனக்காக மட்டும் நிற்கவில்லை என்பது ஏற்றத்தில்தான் தெரிந்தது. கட்டை இறக்கி வைத்து, இடுப்பில் கை வைத்து, குனிந்து இருமினார். அந்த இருமல் எனக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து உங்கள் இருமலை எத்தனை காலம் கேட்டிருக்கிறேன். ரொம்ப நாளாகவா அக்கா என்று கேட்டேன். மழைக்குத்தான் புள்ள, வேறொன்றுமில்லை என்றார். நீங்களும் இதையேதான் சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

விறகை விடக் கூடாது என்று அவ்வளவு பேர் முன்னால் பேசிவிட்டேன். பேசினது சரி, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த விறகு பாக்கியம் அக்காவின் நெஞ்சில் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் நான் பேசினதில் என்ன அர்த்தம்? அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். இந்த மழைக்கு முன்னால் பாக்கியம் அக்கா அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பேன். தகரம் வாங்கியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கூரையில் ஏற உங்கள் மகன் ஒத்துக்கொண்டிருக்கிறார், திட்டிக்கொண்டேதான். அக்காவுடையது முடிந்த பிறகு நம்முடையது. அதற்குப் பிறகு லயத்தில் மிச்சமுள்ள வீடுகள். எப்படி என்று தெரியாது, ஆனால் செய்வேன். உங்களுக்குச் செய்யாததை இனி இந்த லயத்தில் யாருக்கும் செய்யாமல் விட மாட்டேன்.

நீங்கள் கூப்பிட்டபடி,
குச்சி அவிக்கிற உங்கள் மருமகள்
தர்ஷினி